முதல் சீட்டு வரை: புதுப் பயனரை ஆப்புக்குள் அழைத்து வருவது எப்படி?

குலசேகரம், திருவட்டார், அருமனைப் பக்கம் ரப்பர் ஷீட் வாங்கும் ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். ஷீட்டோடு வருகிறவர் அதைத் தராசில் வைக்கிறார். கடைக்காரர் எடையையும் தரத்தையும் பார்த்து அன்றைய விலையைச் சொல்கிறார். ஏற்கெனவே கொடுத்த முன்பணத்தில் கொஞ்சம் பிடித்துக்கொண்டு மீதியைக் கையில் கொடுக்கிறார். எல்லாம் ஒரு நீள நோட்டில் ஏறுகிறது. இந்தக் கணக்கைச் செல்பேசியில் எழுதி, ஒவ்வொருவருக்கும் சீட்டு, அதாவது ரசீது, போட ஓர் ஆப் செய்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் அதை இறக்கிப் பார்ப்பது, ஒருவர் போய் அடுத்தவர் வருவதற்குள் கிடைக்கும் நாலைந்து நிமிடத்தில். அந்த நாலைந்து நிமிடத்தை நாம் எப்படிச் செலவழிக்க வைக்கிறோம் என்பதுதான் ஆன்போர்டிங்.

பெரும்பாலான ஆப்புகள் அந்த நேரத்தை வரவேற்புப் படங்களுக்கும் பதிவுப் படிவத்துக்கும் கொடுத்துவிடுகின்றன. படிவம் முடியுமுன் அடுத்த ஆள் தராசருகே வந்து நிற்பார், செல்பேசி மேசைக்குள் போகும், நோட்டு வெளியே வரும். அதனால் இந்த வழிகாட்டி பின்னாலிருந்து முன்னால் வருகிறது. பயனர் தன் சொந்த வேலை ஒன்றை ஆப்பில் முடிக்கும் தருணத்தை முதலில் குறிப்போம். பிறகு அதற்கு முன்னால் நிற்பதையெல்லாம் ஒவ்வொன்றாக விலக்குவோம். உதாரணம் ரப்பர் கடைதான் என்றாலும், தோவாளைப் பூச்சந்தைக் கணக்குக்கும் குளச்சல் படகுக் கணக்குக்கும் முறை இதுவே.

படி 1: முதல் பயனை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

"பதிவு செய்துவிட்டார்" என்பது பயன் ஆகாது. "விவரங்களை முழுமையாக நிரப்பினார்" என்பதும் ஆகாது. அவை நமக்கு வேண்டியவை. நம் கடைக்காரருக்கு வாக்கியம் இப்படி இருக்க வேண்டும்: "தராசில் இப்போது இருக்கும் ஷீட்டுக்கு ஒரு சீட்டுப் போட்டு, கொண்டு வந்தவரின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பினார்."

இந்த வாக்கியத்தில் மூன்று சங்கதிகள் உண்டு. எடை அவருடைய சொந்த எடை. தொகை நோட்டில் அவர் போடும் தொகையோடு ஒத்துப்போவதை அவரே பார்க்கிறார். சீட்டு இன்னொருவர் கைக்குப் போவதால், அடுத்த தடவை ஷீட் கொண்டு வந்தவரே "சீட்டு அனுப்பலையா?" என்று கேட்பார். நாம் பத்து நினைவூட்டல் அனுப்பினாலும் அந்த ஒரு கேள்விக்கு ஈடாகாது.

உங்கள் ஆப்புக்கு அந்தத் தருணம் எதுவென்று தெரியாவிட்டால், மூன்று மாதம் தாண்டியும் பயன்படுத்துகிறவர்களையும் முதல் வாரத்திலேயே விட்டுப்போனவர்களையும் பிரித்து, முதல் இரண்டு நாளில் யார் எதைச் செய்தார்கள் என்று ஒப்பிடுங்கள். ஓர் எச்சரிக்கை: தங்கியவர்கள் எல்லோரும் கடை லோகோ ஏற்றியிருக்கலாம். அதற்காக எல்லோரையும் லோகோ ஏற்ற வைத்தால் எல்லோரும் தங்கிவிட மாட்டார்கள். முன்பே மனம் வைத்தவர்தான் லோகோ ஏற்றுவார். பயனர் யாருமே இல்லாத புது ஆப் என்றால், வாங்கும் நேரத்தில் இரண்டு மூன்று கடைகளில் உட்கார்ந்து நோட்டில் எது முதலில் எழுதப்படுகிறது என்று பாருங்கள். பெயர், எடை, விலை. பெரும்பாலும் அந்த வரிசைதான் உங்கள் முதல் திரை.

படி 2: ஒவ்வொரு தொடுதலையும் எழுதி, கேள்வி கேளுங்கள்

ஆப்பை இறக்கியதிலிருந்து முதல் சீட்டு வரை வரும் ஒவ்வொரு திரையையும் ஓர் எக்செல் தாளில் வரிசையாக எழுதுங்கள். நான்கு பத்தி போதும்: திரையின் பெயர், அது கேட்பது, முதல் சீட்டுக்கு அது தேவையா, பின்னால் தள்ளினால் எது உடையும். கடைசிப் பத்தியில் "ஒன்றும் உடையாது" என்று வருகிற எல்லாவற்றையும் வெளியே எடுங்கள்.

செய்து பார்த்தால் இப்படி வரும். செல்பேசி எண், ஓடிபி, பெயர், கடைப் பெயர், முகவரி, பின்கோடு, ஜிஎஸ்டி எண், மின்னஞ்சல், கடைப் படம் என்று ஒன்பது இருந்தால், முதல் சீட்டுக்கு வேண்டியது கடைப் பெயர் மட்டும். அது சீட்டின் தலைப்பில் வருகிறது. 15 எழுத்து ஜிஎஸ்டி எண்ணை, ஜிஎஸ்டி பில் போடப் போகும்போது கேட்டால் போதும். அப்போது ஏன் கேட்கிறோம் என்று விளக்கவே தேவையில்லை. மின்னஞ்சலை எதற்குக் கேட்கிறோம் என்பதற்குக் குழுவில் யாரிடமும் பதில் இல்லை என்றால் அதை எடுத்தேவிடுங்கள்.

செல்பேசி எண்ணையும் தள்ளிப்போடலாம். முதல் சீட்டைச் செல்பேசியிலேயே சேமித்து, அனுப்பும் நேரத்தில் "இந்தக் கணக்கு தொலையாமல் இருக்க உங்கள் எண்ணைக் கொடுங்கள்" என்று கேட்பது நல்ல முறை. இதில் ஒரு சிக்கல் உண்டு. அந்த எண்ணில் ஏற்கெனவே ஒரு கணக்கு இருந்தால் புதுச் சீட்டை எங்கே சேர்ப்பது? சேர்க்கவா, தனியாக வைக்கவா என்று பயனரிடம் கேட்கும் ஒரு திரையை முன்கூட்டியே எழுதி வையுங்கள். எழுதாமல் விட்டால் இரண்டில் ஒன்று அழியும். அழிந்தது எது என்று தெரியும்போது காலம் கடந்திருக்கும்.

படி 3: ஓடிபி திரைக்குத் தனிக் கவனம்

பேச்சிப்பாறை, கோதையாறு போன்ற மலையோரத்தில் சிக்னல் சீராக இருக்காது. எஸ்எம்எஸ் தாமதமாக வரும். பயனர் "மறுபடி அனுப்பு" என்பதை அழுத்துவார்; அதற்குள் முதல் எஸ்எம்எஸ் வரும்; அதைப் போடுவார்; ஆப் "தவறான எண்" என்று சொல்லும். இந்தப் பிழை எத்தனையோ ஆப்புகளில் இருக்கிறது. புதிது அனுப்பியவுடன் பழையதைச் செல்லாததாக்குவதுதான் காரணம். 10 நிமிடத்துக்குள் அனுப்பிய கடைசி இரண்டு எண்களில் எதைப் போட்டாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். தவறான முயற்சிகளுக்கு ஐந்து என்று வரம்பு வைத்தால் பாதுகாப்பு பெரிதாகக் குறையாது.

அடுத்தது, நினைவகம் குறைந்த செல்பேசி. எஸ்எம்எஸ் பார்க்க வெளியே போய்த் திரும்பினால் ஆப் முதலிலிருந்து தொடங்கும். பின்னணியில் இருந்த ஆப்பை ஆண்ட்ராய்டு மூடிவிட்டது என்பது பயனருக்குத் தெரியாது. "இது சரியில்லை" என்பதே அவர் காண்பது. போட்ட எண்ணையும் நின்ற திரையையும் சேமித்து வைத்து அதே இடத்தில் திறக்க வேண்டும்.

ஓடிபியைத் தானாகப் படிக்க வைப்பதென்றால், செய்தியின் கடைசியில் ஆப்புக்குரிய 11 எழுத்துக் குறியீடு இருக்க வேண்டும். இந்தியாவில் செய்தியின் வார்ப்பு (டெம்ப்ளேட்), நிறுவனங்கள் அனுப்பும் எஸ்எம்எஸ்களுக்கான டிஎல்டி என்ற பதிவுத் தளத்தில் பதிவாகியிருக்க வேண்டும் என்பதால், அந்தக் குறியீட்டையும் சேர்த்தே பதியுங்கள். பிறகு சேர்த்தால் வார்ப்பு பொருந்தாமல் செய்தி போகாமலே நிற்கும். செய்தியைத் தமிழில் அனுப்புவது நல்லது, ஆனால் அளவைக் கவனியுங்கள். ஆங்கில எஸ்எம்எஸ்ஸுக்கு 160 குறிகள், தமிழுக்கு 70 தான். புள்ளியும் காலும் கொம்பும்கூடத் தனிக் குறிகளாக எண்ணப்படும். 70 தாண்டினால் 67 குறிகள் கொண்ட துண்டுகளாகப் பிரிந்து இரண்டு செய்திக்கான கட்டணம் விழும்.

30 வினாடி கழித்து "அழைப்பில் சொல்லவா?" என்ற பொத்தான் வரட்டும். இரண்டு சிம் வைத்திருப்பவர் எந்த எண்ணைக் கொடுத்தார் என்பதும் திரையில் தெரிய வேண்டும். அதைத் திருத்தப் பக்கத்திலேயே ஒரு பொத்தான்.

படி 4: மொழியும் பெயரும்

செல்பேசியின் மொழி அமைப்பைப் பார்த்து ஆப்பின் மொழியை முடிவு செய்யாதீர்கள். நோட்டில் தமிழில் எழுதுகிறவரின் செல்பேசி ஆங்கிலத்தில் இருப்பது சாதாரணம். முதல் திரையில் மொழிகளை அவற்றின் எழுத்திலேயே காட்டிக் கேளுங்கள். களியக்காவிளைப் பக்கம் மலையாளம் வாசிப்பவர்கள் இருக்கிறார்கள். அதையும் வைக்க முடிந்தால் வையுங்கள். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், ஒப்புதல் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணை மொழிகளில் ஒன்றிலோ வாசிக்கும் வாய்ப்பைத் தரச் சொல்கிறது. தமிழும் மலையாளமும் அந்த அட்டவணையில் உள்ளவை.

சொற்களை அகராதியிலிருந்து எடுக்க வேண்டாம். "கொள்முதல் பரிவர்த்தனையை உருவாக்கு" என்று எழுதினால் கடைக்காரர் ஒரு கணம் நிற்பார். "புதுச் சீட்டு" என்றால் நிற்க மாட்டார். சரக்கின் பெயர்கள் ஊரில் சொல்வதுபோலவே இருக்கட்டும்: ஷீட், ஒட்டுப்பால், பால். ஆனால் பொத்தான்களையும் எச்சரிக்கைகளையும் வட்டார வழக்கில் எழுதுவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. விளவங்கோட்டில் இயல்பாகப் படும் சொல் ஆரல்வாய்மொழியில் வேறாகப் படும். பொதுத் தமிழில், சின்ன வாக்கியத்தில், "நீங்கள்" என்ற மரியாதையோடு எழுதினால் எல்லோருக்கும் பொருந்தும்.

பெயர்ப் பெட்டி ஒன்றே ஒன்று இருக்கட்டும். முதல் பெயர், கடைசிப் பெயர் என்று பிரித்து, கடைசிப் பெயருக்குக் குறைந்தது இரண்டு எழுத்து என்று நிபந்தனை வைத்தால், இனிஷியலோடு எழுதும் நம் ஆட்கள் அங்கேயே நின்றுவிடுவார்கள். வட்டத்துக்குள் பெயரின் முதலெழுத்தைக் காட்டும் ஆப்புகளில் இன்னொரு பிழை: கோலப்பன் என்ற பெயருக்கு "கோ" வராமல் "க" என்று வரும். நிரலில் முதல் யூனிகோடு குறியை மட்டும் வெட்டி எடுப்பதால் வருவது இது. முழு எழுத்தையும் ஒரே அலகாக எடுக்கும் நூலகத்தைப் பயன்படுத்துங்கள்.

தமிழ்ச் சொற்கள் ஆங்கிலத்தைவிட நீளம். பொத்தான் எழுத்து இரண்டு வரிக்கு இறங்க இடம் விடுங்கள். பாதியில் மூன்று புள்ளி வைத்து வெட்டாதீர்கள். செல்பேசியின் எழுத்தளவை ஆகப் பெரிதாக்கி ஒவ்வொரு திரையையும் பாருங்கள். ஐம்பது வயதைத் தாண்டிய பலர் அப்படித்தான் வைத்திருப்பார்கள்.

படி 5: வெற்றுத் திரையும் பழைய பாக்கியும்

முதல் முறை உள்ளே வந்ததும் கண்ணில் படுவது வெற்றுத் திரை. அதில் ஒரு வாக்கியம், ஒரு பொத்தான்: "தராசில் இருக்கும் ஷீட்டுக்குச் சீட்டுப் போடுங்கள்." விளக்கப் படத்தொடர் வேண்டாம். மாதிரிக் கணக்கு காட்டியே ஆக வேண்டுமென்றால், ஒவ்வொரு வரியிலும் "மாதிரி" என்று எழுதி, மொத்தத்தில் சேராமல் தனியே வைத்து, ஒரே தொடுதலில் அழிக்க விடுங்கள். மாதிரித் தொகை உண்மையான மாத மொத்தத்தில் கலந்தால், அந்த ஆப்பின் கணக்கை அவர் மறுபடி நம்ப மாட்டார்.

விலைப் பெட்டியில் என்ன வர வேண்டும்? ரப்பர் வாரியம் அறிவிக்கும் விலையைத் தானாக நிரப்பலாம் என்று தோன்றும். கடையில் கொடுக்கும் விலை அதே அல்ல. தரமும் ஈரமும் பார்த்துத்தான் சொல்வார்கள். அவரே கடைசியாகப் போட்ட விலையை மங்கலாகக் காட்டி, மாற்ற விடுங்கள். எடைப் பெட்டியில் புள்ளியுள்ள எண் விசைப்பலகை வர வேண்டும். 12.350 என்று தட்டப் புள்ளி கிடைக்காமல் தேடுவது சின்னத் தடைதான், ஆனால் வருவது ஒவ்வொரு சீட்டிலும்.

உண்மையான தடை பழைய பாக்கி. நோட்டில் அறுபது பேருடைய முன்பணம் இருக்கும். "முதலில் எல்லோருடைய நிலுவையையும் ஏற்றுங்கள்" என்று சொன்னால் இரண்டு மணி நேர வேலை. நேரம் கிடைக்கும்போது செய்கிறேன் என்று வைப்பார், அந்த நேரம் வராது. ஏற்றாமல் விட்டாலோ, ஆப் காட்டும் பாக்கி தவறாகிவிடும். நோட்டைத்தான் நம்பியாக வேண்டும். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி உண்டு. ஒருவருக்கு முதல் சீட்டுப் போடும்போது மட்டும், அந்தப் பெயருக்குக் கீழே "இவருக்குப் பழைய முன்பணம் உண்டா?" என்று ஒரு வரி கேளுங்கள். நோட்டு பக்கத்திலேயே திறந்திருக்கும். ஒரு தொகையைப் பார்த்துப் போடப் பத்து வினாடி. வேண்டாமென்றால் தாண்டலாம், ஆனால் அந்தப் பெயருக்குப் பாக்கியைக் காட்டாமல் "பழைய பாக்கி சேர்க்கவில்லை" என்று காட்டுங்கள். பூஜ்யம் என்று காட்டினால் பொய்யாகும். இரண்டு மூன்று வாரத்தில், அடிக்கடி வருகிறவர்கள் எல்லோருடைய கணக்கும் தானாக ஏறியிருக்கும். அதுவரை நோட்டும் ஆப்பும் சேர்ந்து ஓடும் என்பதை ஒப்புக்கொண்டே வடிவமையுங்கள். நாள் முடிவில் நோட்டோடு ஒத்துப்பார்க்க, அன்றைய சீட்டுகளை நோட்டின் வரிசையிலேயே காட்டும் ஒரு பக்கம் இருந்தால் பெரிய உதவி.

படி 6: அனுமதி கேட்கும் நேரம்

திறந்தவுடன் தொடர்புகள், இருப்பிடம், கேமரா, அறிவிப்பு என்று நான்கும் கேட்டால் பயந்துபோய் நான்கையும் மறுப்பார்கள். ஆண்ட்ராய்டு 11 முதல், ஒரு பயனர் ஒரே அனுமதியை இரண்டு முறை மறுத்தால் அமைப்பு மறுபடி அந்தக் கேள்வியைக் காட்டாது. ஆண்ட்ராய்டு 13 முதல் அறிவிப்புக்கும் அனுமதி வேண்டும். அதனால் ஒவ்வொன்றையும் அது வேண்டிய வேலைக்கு நடுவில், ஒருவரிக் காரணத்தோடு கேளுங்கள்.

சிலவற்றைக் கேட்கவே வேண்டாம். ஒரே ஒரு எண்ணைத் தேர்ந்தெடுக்க அமைப்பின் தொடர்புத் தேர்வியே போதும். முழுத் தொடர்புப் பட்டியலுக்கு அனுமதி தேவையில்லை. வாட்ஸ்அப்புக்கு அனுப்ப, "ஷேர்" அழுத்தினால் வரும் பகிர்வுப் பலகை போதும்.

அச்சுப்பொறி வைத்திருக்கும் கடைகளுக்கு இரண்டு சிக்கல்கள் காத்திருக்கின்றன. ஆண்ட்ராய்டு 11 வரை புளூடூத் கருவியைத் தேட இருப்பிட அனுமதி தேவைப்படும். "பிரிண்டருக்கு எதற்கு என் இடம்?" என்ற கேள்வி நியாயமானது, பதிலைக் கேள்விக்கு முன்பே திரையில் எழுதுங்கள். இரண்டாவது, 58 மில்லிமீட்டர் தாள் போடும் விலை குறைந்த அச்சுப்பொறிகள் பலவற்றில் தமிழ் எழுத்து இல்லை. எழுத்தாக அனுப்பினால் முதல் சீட்டே கேள்விக்குறிகளாக வந்து விழும். சீட்டைப் படமாக மாற்றி அனுப்புங்கள். முதல் சீட்டு கெட்டால் வாடிக்கையாளர் முன்னால் கெடுகிறது என்பதை நினைவில் வையுங்கள்.

படி 7: நிறுவுகிறவர் ஒருவர், பயன்படுத்துகிறவர் இன்னொருவர்

கடைக்கு ஆப்பைத் தேடிக் கொண்டு வருவது பல வீடுகளில் கல்லூரிக்குப் போகும் மகள், அல்லது வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வந்த மகன். அமைத்துக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். மறுநாள் தராசருகே நிற்கிறவருக்கு யாரும் எதையும் காட்டியிருக்க மாட்டார்கள். குறிப்புகள் ஆப்புக்கு ஒருமுறை என்றில்லாமல் ஆளுக்கு ஒருமுறை வர வேண்டும். "வேறொருவர் பயன்படுத்தப் போகிறாரா?" என்று கேட்டு அவர் எண்ணுக்கு அழைப்பு அனுப்பும் வசதி வையுங்கள். அழைப்பில் வருகிறவருக்குக் கடை அமைக்கும் திரைகள் வரக்கூடாது. நேரே புதுச் சீட்டு. குறிப்பு ஒரு நேரத்தில் ஒன்றுதான், அதுவும் அந்த வசதியைத் தொடும்போது. உதவிக்கு ஒவ்வொரு திரையிலும் ஒரே இடத்தில் ஒரு வாட்ஸ்அப் பொத்தான். நாற்பது வினாடிக்கு மேல் போகாத வீடியோ.

படி 8: ஐந்து பேரைப் பார்க்க வையுங்கள், வாயை மூடிக்கொள்ளுங்கள்

வெளியிடும் முன் ஐந்து கடைக்காரர்கள். அவர்களுடைய சொந்தச் செல்பேசி, சொந்த சிம், சொந்த நெட். கூட்டம் இல்லாத நேரம். ஒரே வேலை கொடுங்கள்: "அண்ணாச்சி, இந்த எடைக்கு ஒரு சீட்டுப் போட்டு எனக்கு அனுப்புங்க." கடிகாரத்தை ஓட விடுங்கள். தடுமாறினாலும் ஒரு நிமிடம் உதவாதீர்கள். எங்கே விரல் நின்றது, எந்தச் சொல்லை இரண்டு முறை வாசித்தார், எதைத் தொட்டு ஏமாந்தார் என்று மட்டும் எழுதுங்கள்.

"எப்படி இருக்கு?" என்று கேட்க வேண்டாம். தேடி வந்தவருக்குச் சாயா வாங்கிக் கொடுத்து, "நல்லா இருக்கு மக்களே" என்று சொல்லி அனுப்புவதுதான் நம் ஊர் வழக்கம். அந்த அன்பு திரையின் குறையை மறைத்துவிடும். மூன்று பேர் ஒரே இடத்தில் நின்றால் மீதிப் பேருக்குக் காத்திருக்காமல் அங்கேயே திருத்துங்கள். திருத்தியதை வேறு ஆட்களிடம் மறுபடி பாருங்கள்.

படி 9: அளவிடுவது

ஒரு கற்பனைக் கணக்கு. 100 பேர் இறக்கினார்கள். 82 பேர் மொழி தேர்ந்தார்கள். 61 பேர் ஓடிபி தாண்டினார்கள். 40 பேர் முதல் சீட்டுப் போட்டார்கள். 22 பேர் வேறொரு நாளில் இரண்டாவது சீட்டுப் போட்டார்கள். தலைகளை எண்ணினால் ஓடிபியிலும் முதல் சீட்டிலும் 21 பேர் வீதம் போனதுதான் பெரிதாகத் தெரியும். விகிதத்தைப் பாருங்கள்: 82, 74, 66, 55 சதவீதம். கடைசிப் படிதான் மோசம். முதல் சீட்டை ருசி பார்த்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் திரும்பவில்லை என்றால் பிரச்சினை பதிவுத் திரையில் இருக்காது. பழைய பாக்கியிலோ, அச்சிலோ, வேகத்திலோ இருக்கும். இதோடு, இறக்கியதிலிருந்து முதல் சீட்டு வரை ஆன நேரத்தின் நடுமதிப்பையும் (வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது) வாரம்தோறும் குறியுங்கள். சராசரி வேண்டாம், மூன்று நாள் கழித்துத் திறந்த ஒருவர் அதைக் கெடுத்துவிடுவார்.

வாரத்துக்கு எண்பது பேர்தான் வருகிறார்கள் என்றால் இரண்டு வடிவங்களை வைத்து ஒப்பிடும் சோதனையால் பயனில்லை. ஒரு பக்கம் 40க்கு 16, மறுபக்கம் 40க்கு 20 என்ற வேறுபாடு தற்செயலாகவே வரக்கூடியது. அந்த அளவில் படி 8தான் நம்பகமானது.

ஏழாம் நாள், முப்பதாம் நாள் என்று திரும்பியவர்களை எண்ணும் வழக்கத்தை இங்கே அப்படியே பொருத்த முடியாது. குமரி மாவட்டத்துக்கு ஆனி, ஆடி மழையும் உண்டு, ஐப்பசி, கார்த்திகை மழையும் உண்டு. மழை பிடித்தால் பால் வெட்டு நிற்கும். இலை உதிர்ந்த பிறகு மரத்துக்கு ஓய்வு கொடுப்பார்கள். விலை ஏறட்டும் என்று ஷீட்டை வீட்டிலேயே வைத்திருப்பார்கள். அந்த நாட்களில் ஆப் திறக்கப்படாதது விட்டுப்போனதன் அடையாளமல்ல. ஜூனில் சேர்ந்தவர்களைப் போன ஜூனில் சேர்ந்தவர்களோடு ஒப்பிடுங்கள். ஏப்ரலோடு ஒப்பிட்டுவிட்டு ஆன்போர்டிங்கை மாற்றினால் மழைக்கு மருந்து போட்டதாக முடியும்.

படி 10: நினைவூட்டல்

முதல் வாரத்தில் மூன்றுக்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றும் அவர் இன்னும் செய்யாத அடுத்த வேலையைப் பற்றியதாக இருக்கட்டும். செய்துவிட்டால் அந்தச் செய்தி தானாக ரத்தாக வேண்டும். சீட்டுப் போட்டவருக்கே "முதல் சீட்டுப் போடுங்கள்" என்று போவது, அவரை நாம் கவனிக்கவில்லை என்று அவரிடமே சொல்வதுபோல. நேரத்தை ஊர் முடிவு செய்யட்டும்: பூச்சந்தைக்காரருக்கு விடியற்காலை வேலை நேரம், ரப்பர் கடைக்கு அப்படியல்ல. அவர் முந்தின சீட்டுகளைப் போட்ட நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு அனுப்பினால் பெரும்பாலும் பொருந்தும்.

படி 11: திரும்பி வருகிறவர்

செல்பேசி மழையில் நனைந்து போகும், புதியது வாங்குவார், ஆப்பை மறுபடி இறக்குவார். இவரைப் புதியவராக நடத்தி மொழி, கடைப் பெயர், குறிப்புகள் என்று முதலிலிருந்து அழைத்துப்போகும் ஆப்புகள் பல. அவர் மனதில் அப்போது இருப்பது ஒரே கேள்வி, கணக்கு இருக்கிறதா போயிற்றா என்பது. எண்ணைப் போட்டு ஓடிபி தாண்டியதும் வரும் முதல் திரையில் கடைப் பெயரும், கடைசியாகப் போட்ட சீட்டின் தேதியும் தொகையும், மொத்த முன்பண நிலுவையும் தெரிய வேண்டும். சேவையகத்துக்குப் போய்ச் சேராத சீட்டுகள் இருந்திருக்கலாம் என்பதால், "இந்தத் தேதி வரையிலான கணக்கு கிடைத்துள்ளது, அதற்குப் பின் போட்ட சீட்டுகளை நோட்டில் சரிபார்க்கவும்" என்று ஒரு வரியும் அதற்குக் கீழே, விடுபட்டதைச் சேர்க்கும் பொத்தானும் இருக்கட்டும்.